பசி ருசி அறியாது: மீட்ட பூனைகளை மனதில் வைத்து உணவு பிராண்ட் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெருவிலிருந்து தூக்கி வந்த பூனைகளை வளர்க்கப் போய், அதிலிருந்து ஒரு சின்ன ஈர உணவு பிராண்டுக்குள் விழுந்தவன் நான். அதே ஆசையோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேபோல இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு அவ்வளவு தேவையில்லை.

எலும்பும் தோலுமாக வந்த பூனைக்கு வீட்டில் சமைத்துப் போட்டுத் தேற்றிவிட்டேன். அதே செய்முறையை டின்னில் அடைத்து விற்கலாமா?

கூடாது. நானும் இதே நினைப்போடுதான் ஆரம்பித்தேன். கறுப்பி என்று ஒரு பூனை, கையில் எடுத்தால் எடையே தெரியாது. வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டேன், இரண்டே மாதத்தில் மதில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தது. என் சமையலால்தான் தேறியது என்று நம்பிவிட்டேன். பூச்சி மருந்து கொடுத்தது, காதுப் புண் ஆறியது, பயமில்லாமல் தூங்க ஓர் இடம் கிடைத்தது, இதெல்லாம் என் கணக்கில் வரவே இல்லை.

வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச்சத்து மிகமிகக் குறைவு. குட்டிக்கு அதையே போட்டுக்கொண்டிருந்தால் எலும்பு மெலிந்து, சாதாரணமாகக் குதித்தாலே முறியும் நிலைக்கு வரும். வளர்ந்த பூனையில் இந்தக் குறைகள் வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தட்டு காலியாகும், ரோமம்கூட நன்றாகவே இருக்கும். நாம் தினமும் பத்து விதமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றில் குறைவது இன்னொன்றில் ஈடாகிவிடும். உங்கள் டின்னை மட்டுமே நம்பி வாழப்போகும் பூனைக்கு அந்த வசதி இல்லை, அதில் எது இல்லையோ அது அதன் வாழ்க்கையிலேயே இல்லை.

அப்படி என்ன பூனைக்கு மட்டும் தனித் தேவை?

நிறைய இருக்கிறது, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் டாரின் என்ற அமினோ அமிலம். நாய் உடம்பு பெரும்பாலும் இதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. டாரின் இல்லாத உணவால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்று 1975ல் கண்டுபிடித்தார்கள். சரி, கண்ணோடு போயிற்று என்று இருந்தால், 1987ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் இன்னொன்றைக் காட்டினார்கள். இதயத் தசை தளர்ந்து சாகும் நிலைக்கு வந்த பூனைகளுக்கு ரத்தத்தில் டாரின் குறைவாக இருந்தது, டாரின் கொடுத்ததும் இதயம் மீண்டது. அந்தப் பூனைகள் தின்றது ஏதோ மிச்சம் மீதி என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய அளவுகோலின்படி போதுமான டாரின் இருந்த கடை உணவைத்தான் தின்றுகொண்டிருந்தன! அளவுகோலே தவறாக இருந்திருக்கிறது. டின்னில் அடைத்துச் சூடாக்கும்போது உணவில் நடக்கும் மாற்றங்களால் குடல் நுண்ணுயிர்கள் டாரினை அதிகமாகத் தின்றுவிடுகின்றன என்பது அப்புறம் தெரிந்தது. அதனால்தான் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ, ஈரம் நீக்கிய கணக்கில் உலர் உணவுக்குக் குறைந்தது 0.1 சதவீதமும் டின் உணவுக்கு 0.2 சதவீதமும் டாரின் கேட்கிறது.

அப்புறம் வைட்டமின் ஏ. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வோம், பூனையால் முடியாது. ஆகவே பாக்கெட்டில் கேரட் படம் போடுவது வாங்குகிற மனிதர்களுக்காக மட்டும்தான். அராக்கிடானிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் விலங்குக் கொழுப்பிலிருந்து வர வேண்டும். ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவே சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிவிடும். தயமின், அதாவது பி1, சூட்டில் அழியும். அது குறைந்தால் பூனை தலையைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டுத் தள்ளாடும். அதனால் ஆலையில் அழியப்போகும் அளவையும் சேர்த்துக் கூடுதலாகப் போட வேண்டும், போட்டதோடு விடாமல் சமைத்து முடித்த டின்னைத் திறந்து அளந்தும் பார்க்க வேண்டும். கலவைக்குள் போன அளவைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த நிம்மதி வராது.

ஃபார்முலாவை யாரிடம் எழுதி வாங்குவது?

கால்நடை ஊட்டச்சத்தில் தனிப் பட்டம் பெற்ற ஒருவரிடம். வழக்கமாக ஊசி போடும் மருத்துவர் எவ்வளவு நல்லவரானாலும் இது வேறு துறை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006ல் வெளியிட்ட நாய் பூனை ஊட்டச்சத்துத் தேவைகள் நூல், ஆஃப்கோ அட்டவணை, ஐரோப்பியச் செல்லப்பிராணி உணவுத் தொழில் கூட்டமைப்பான ஃபெடியாஃபின் வழிகாட்டி, இவற்றில் எதை வைத்து எழுதுகிறார் என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபார்முலா வந்தபின் நிரூபிக்க இரண்டு வழி. ஒன்று, ஆய்வகத்தில் ஒவ்வொரு சத்தாக அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவது. இன்னொன்று, பூனைகளுக்கு அதையே மட்டும் கொடுத்துப் பார்ப்பது. வளர்ந்த பூனைகளுக்கான ஆஃப்கோ சோதனையில் குறைந்தது எட்டுப் பூனை, 26 வாரம். கேட்க உறுதியாக இருக்கும், ஆனால் அரை வருடத்தில் வெளிப்படாத குறைகளும் உண்டு, சோதனைப் பூனைகள் எங்கே எப்படி வாழ்கின்றன என்ற கேள்வியும் கூடவே வரும். ரெஸ்க்யூ பூனையின் பெயரில் பிராண்ட் நடத்திக்கொண்டு, கூண்டிலேயே ஆயுளைக் கழிக்கும் பூனைகளின் சோதனை அறிக்கையைக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் ஆய்வக வழியில் போனோம், ஒவ்வொரு பேட்ச்சிலும் சில சத்துகளைத் திரும்ப அளக்கிறோம், அது போக வீடுகளில் வாழும் பூனைகளின் எடை, மலம், சிறுநீர், ரத்தம் என்று அவற்றின் மருத்துவர்கள் வழியாகப் பார்த்துக்கொள்கிறோம். மெதுவான வழிதான்.

இன்னொன்று, ஆஃப்கோ எந்த உணவுக்கும் ஒப்புதலோ சான்றிதழோ தருவதில்லை. அளவுகளை எழுதி வைக்கும், அவ்வளவுதான். "ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது அச்சடித்திருந்தால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஒரு பூனையைக் காப்பாற்ற எத்தனை கோழியைக் கொல்வது? இதில் அறம் எங்கே வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கேட்பவர்கள் பெரும்பாலும் வம்புக்குத்தான் கேட்கிறார்கள் என்றாலும். முழுக்கத் தப்பிக்கும் பதில் என்னிடம் இல்லை. பூனை ஊன் தின்றே வாழும் விலங்கு, அதற்குத் தீனி விற்பவன் கசாப்புத் தொழிலின் ஒரு முனையில் நிற்கிறான், அதை நாய்க்குட்டி பூனைக்குட்டி படங்களால் மூட முடியாது. செய்ய முடிந்தது, உங்கள் டின்னுக்காகவென்று தனியாக ஓர் உயிர் போகாமல் பார்த்துக்கொள்வது.

மனிதர்களுக்காக அறுக்கப்பட்ட கோழியில் இதயம், ஈரல், இரைப்பை, கழுத்து எல்லாம் பல இடங்களில் விலை போகாமல் கிடக்கின்றன. இதயத்தில் டாரின் அதிகம், ஈரலில் பூனை ஏங்கும் வைட்டமின் ஏ இருக்கிறது. லேபிளில் "உபபொருள்" என்ற சொல்லைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்களே, வேட்டையாடும் பூனை எலியின் நெஞ்சுக்கறியை மட்டும் வெட்டித் தின்றுவிட்டு மிச்சத்தை ஒதுக்குகிறதா? "மனிதர் சாப்பிடும் தரமான நெஞ்சுக்கறி மட்டுமே" என்று பெருமையாக எழுதும் பிராண்ட் கூடுதல் அறத்தோடு நடக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது நம் தட்டோடு போட்டி போடுகிறது. ஆனால் உறுப்பு நல்லது என்று ஈரலை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், வைட்டமின் ஏ அளவு மீறினால் கழுத்துப் பகுதி முதுகெலும்பு ஒட்டிப்போய்ப் பூனை திரும்பக்கூட முடியாமல் தவிக்கும்.

மீனில் கூடுதல் கவனம் வேண்டும். எந்த மீன், எந்தக் கடல், எந்த வலை என்று கேட்டால் பாதி விற்பனையாளர்கள் வாயே திறப்பதில்லை. 1997ல் தொடங்கிய மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், கடல்வளம் கெடாமல் பிடித்த மீனுக்குத் தரும் நீல முத்திரை ஓர் ஆரம்பத் தடயம், அதுவே முடிவாகிவிடாது. கொழுப்பு மிகுந்த மீனையே போட்டு வைட்டமின் ஈ சேர்க்காமல் விட்டால் உடல் கொழுப்பு வீங்கித் தொட்டாலே வலிக்கும் ஒரு நோய் வரும். பூனை என்றாலே மீன் என்று நாம்தான் கட்டிவைத்திருக்கிறோம், எங்கள் பட்டியலில் மீன் வகை இன்னும் இல்லை.

அப்படியானால் சைவப் பூனை உணவே செய்துவிட்டால்?

செயற்கை டாரின் கிடைக்கிறது, இறைச்சி பிராண்டுகளே அதைத்தான் சேர்க்கின்றன, ஆகவே காகிதத்தில் கணக்கை நேராக்க முடியும். ஆனால் தாவர உணவு சிறுநீரின் காரத்தன்மையை ஏற்றும், அப்போது ஸ்ட்ரூவைட் எனும் சிறுநீர்க் கற்கள் உருவாகலாம், ஆண் பூனைக்கு அடைப்பு வந்தால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். புதிதாகத் தொடங்குபவர் தன் கொள்கைக்காக அந்த ஆபத்தைப் பூனையின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. பூச்சிப் புழுப் புரதத்தை வேண்டுமானால் கவனித்துக்கொண்டிருங்கள், அதில் எனக்கு ஆர்வம் உண்டு.

பச்சை இறைச்சிதானே இயற்கை?

2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற ஒரு வீட்டுப் பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்தது. வெளியே போகாத பூனை. உணவிலிருந்த வைரஸும் பூனையிடம் இருந்த வைரஸும் மரபணு அளவில் ஒன்றாக இருந்தன. உறையவைப்பது கிருமியைத் தூங்கவைக்கும், கொல்லாது. வேண்டாம்.

சொந்த ஆலையா, வேறு ஆலையில் செய்து வாங்குவதா?

டின் உணவென்றால் வேறு ஆலைதான். இறுக்கி மூடிய டின்னுக்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்துவிடாமல் இருக்க, டின்னின் நடு மையம் வரை 121 டிகிரி செல்சியஸில் மூன்று நிமிடத்துக்கு ஈடான சூடாவது போய்ச்சேர வேண்டும். ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனை வைத்து இதைச் செய்வதும், ஒவ்வொரு டின் அளவுக்கும் தனியாக நேரம் கணக்கிடுவதும், மூடியின் மடிப்பை வெட்டிப் பார்ப்பதும் படித்தவர்களின் வேலை. வீட்டுக் குக்கரில் முயன்று பார்த்ததாக ஒருவர் சொன்னார், கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

ஆலைக்காரர்கள் குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒரு மலையைக் காட்டுவார்கள். அவர்களிடமே தயாராக இருக்கும் ஃபார்முலாவில் உங்கள் லேபிளை ஒட்டித் தரவும் முன்வருவார்கள். அதைச் செய்தால் தப்பில்லை, ஆனால் "என் பூனைக்காக நானே உருவாக்கியது" என்று அதன்மேல் எழுதாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எங்கள் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாவது பேட்ச் வந்ததும் பல வீடுகளிலிருந்து ஒரே புகார், பூனை குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டுவிடுகிறது, சிலவற்றுக்கு வயிறு இளகுகிறது. ஃபார்முலா அதேதான் என்று ஆலை சாதித்தது. பேட்ச் தாளைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வழக்கமான கெட்டிப்படுத்தும் கோந்து இருப்பில் இல்லையென்று வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை! கையெழுத்துப் போட்டது நாங்கள்தானே. இப்போது எந்த மூலப்பொருளையும் எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது என்பதுதான் எங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரி.

சப்ளையர் சான்றிதழ் கொடுத்துவிட்டார், இனி என்ன கவலை?

2007ஐ நினைத்துப் பாருங்கள். வட அமெரிக்காவில் ஒரு பெரிய ஒப்பந்த ஆலை ஆறு கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பவுச்சுகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனில், அதாவது கோதுமைப் புரதத்தில், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்தது. புரதத்தை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். மெலமினில் நைட்ரஜன் எக்கச்சக்கம், ஆகவே மட்டமான மாவு தாளில் உயர்தரமாகிவிட்டது. மெலமினும் அதோடு வந்த சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு ரசாயனமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாக அடைத்துக்கொண்டதில் ஏராளமான பூனைகளும் நாய்களும் செத்தன. ஒரே ஆலை பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுத்ததால், விலை உயர்ந்த டின்னும் மலிவு டின்னும் ஒரே பட்டியலில் வந்தன.

அதனால் சான்றிதழைக் கோப்பில் போட்டுவிட்டு நீங்களும் ஒரு மாதிரியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் சில டின்களை எடுத்துக் காலாவதி நாள் வரை பத்திரமாக வையுங்கள். அப்புறம், எந்தக் குறியீட்டு டின் எந்தக் கடைக்குப் போனது என்று ஒரு மதியத்துக்குள் சொல்ல முடிகிறதா என்று ஒத்திகையாக ஒரு ரீகால், அதாவது சரக்கைத் திரும்பப் பெறுதல், நடத்திப் பாருங்கள். முதல் முறை எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

காப்பகத்தில் எல்லாப் பூனையும் தட்டை வழித்துத் தின்றன. ருசிக்கு அது போதாதா?

பசி ருசி அறியாது என்பார்களே, காப்பகத் தட்டு அப்படித்தான். அடுத்த வேளை கிடைக்குமோ என்று வாழ்ந்த பூனை எதையும் தின்னும். அதே பூனை தத்து போய், ஆறு மாதம் சோபாவில் உட்கார்ந்த பின் உங்கள் டின்னை மோந்துபார்த்து, மண் தோண்டி மூடுவதுபோலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகும், அப்போது தெரியும் சங்கதி.

முறையாகச் செய்ய, வயிறு நிறைந்த வீட்டுப் பூனைகளின் முன் இரண்டு கிண்ணம் வையுங்கள், ஒன்றில் உங்களுடையது, இன்னொன்றில் வழக்கமானது. சில பூனைகள் ருசியே பார்க்காமல் எப்போதும் இடப்பக்கம் போகும், ஆகவே மறுநாள் இடம் மாற்றி வையுங்கள். இனிப்பை உணரும் மரபணு பூனையில் செயலிழந்திருப்பது 2005லேயே தெரிந்துவிட்டது, சர்க்கரைப் பாகு சேர்த்தால் அது நிறத்துக்குத்தான் உதவும். மணமும் பதமும் சூடும்தான் பூனையை இழுக்கும்.

மெலிந்து வரும் பூனைகளுக்கென்றே தனி உணவு செய்யலாமா?

முதல் தயாரிப்பாக வேண்டாம். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து, தின்றதாலேயே சாகக்கூடும். அது மருத்துவர் பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டிய வேலை.

லேபிளில் எவ்வளவு வரை சொல்லலாம்?

விதி நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் லேபிளில் எப்படியெல்லாம் விளையாடலாம் என்று புரிந்துகொள்ள ஆஃப்கோ விதி நல்ல பாடம். அங்கே பெயரே வெறும் "கோழி" என்றால், தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். "கோழி விருந்து" என்று ஒரு வால் சேர்த்தால் 25 போதும். "கோழி சேர்த்தது" என்றால் வெறும் 3. "கோழிச் சுவை" என்றால் சுவை தெரிந்தால் சரி. ஒரே படம், ஒரே எழுத்து, ஒரு சொல்தான் வித்தியாசம்.

புரதக் கணக்கிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 78 சதவீதம் தண்ணீர் உள்ள டின்னில் 10 சதவீதம் புரதம், 8 சதவீத ஈரமுள்ள உலர் உணவில் 32 சதவீதம் புரதம், எது அதிகம்? தண்ணீரைக் கழித்துப் பாருங்கள், டின்னில் 45, உலர் உணவில் 35. நாங்கள் இந்தக் கணக்கைப் பின்பக்கத்தில் போட்டே தருகிறோம். ஒரு சத்து குறைந்தாலும் "முழுமையான உணவு" என்று எழுதாதீர்கள், அது கொறிக்கும் தீனி, அப்படியே எழுதுங்கள். சிறுநீரகத்தைக் காக்கும், அலர்ஜியைத் தீர்க்கும் என்பதெல்லாம் மருத்துவ உரிமைகோரல், பக்கமே போகாதீர்கள்.

லாபத்தில் ஒரு பங்கு காப்பகத்துக்கு என்று அறிவிக்கலாமா?

முதல் சில வருடம் லாபமே வராது, பூஜ்யத்தில் எத்தனை பங்கு கொடுத்தாலும் பூஜ்யம்தான். ஒரு டின்னுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாகச் சொல்லி, எவ்வளவு போனது, யாருக்குப் போனது என்று வெளியிடுங்கள். காலாவதிக்கு ஒரு வாரம் இருக்கும் சரக்கைத் தள்ளிவிட்டு அதைத் தானக்கணக்கில் எழுதாதீர்கள். காப்பகத்தைக் கேட்டால் பெரும்பாலும் உணவைவிடக் கருத்தடை அறுவைக்குத்தான் பணம் வேண்டும் என்பார்கள். டின்னில் காட்டும் பூனை, மீட்ட நாளில் இருந்த புண்ணோடு அல்லாமல், தேறிய முகத்தோடு இருக்கட்டும். கறுப்பியின் படத்துக்காக நான் எட்டு மாதம் காத்திருந்தேன்.

பேக்கேஜிங்?

டின். உலோகம் திரும்ப உருகும், பல அடுக்குப் பிளாஸ்டிக் பவுச்சைப் பிரிக்க ஆளில்லை. கனம் கூடுவதால் அனுப்பும் செலவு ஏறும், அதை ஏற்றுக்கொண்டோம்.

எத்தனை வகையோடு தொடங்குவது? நடுவில் மூட வேண்டி வந்தால்?

ஒன்றே ஒன்று. எங்களிடம் இன்னமும் மூன்றுதான். வகை கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு, தனி இருப்பு, தனித் தலைவலி.

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சேர்த்தேன். பூனை ஒரு பதத்துக்குப் பழகிவிட்டால் வேறொன்றைத் தொடாமல் பிடிவாதமாகக் கிடக்கும், குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து வந்துவிடும். உணவு மாற்றுவதற்குப் பழையதில் புதியதைக் கலந்து கலந்து ஏழு முதல் பத்து நாளாவது வேண்டும். ஆகவே சரக்கு தீரப்போகிறது என்று தெரிந்த அன்றே வாங்குபவர்களுக்குச் செய்தி போக வேண்டும், மாற்றத்துக்குத் தேவையான டின்களையும் அவர்களுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். எங்கள் கிடங்கில் பின்சுவரை ஒட்டி ஓர் அடுக்கு அதற்காகவே இருக்கிறது, எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் அதை விற்பதில்லை.